சீறல் எனக்குக் கேட்காது

பெட்டியைத் திறக்கும் முன் உள்ளங்கையை அதன் பக்கப் பலகையில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். எங்கள் ஊரில் மற்றவர்கள் அப்படிச் செய்வதில்லை. விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டி, காதைக் கொண்டுபோய் வைப்பார்கள். நம் நாட்டுத் தேனீ தட்டியதும் கூட்டமாகச் சீறும். ஒரு நொடி ‘ஸ்ஸ்’ என்று எழுந்து அதே வேகத்தில் அடங்கினால் கூட்டம் பலமாக இருக்கிறது, ராணி இருக்கிறது. அடங்காமல் முனகலாக நீண்டுகொண்டே போனால் ராணி இல்லை. இதுதான் மார்த்தாண்டத்துப் பக்கம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம்.

எனக்கு அந்தச் சீறல் கேட்காது. 1999 கோடையில் கார்கில் போரின்போது திராஸில் போன காது அது.

ராணுவ மருத்துவமனையில் எடுத்த காது வரைபடத்தை இன்னும் வைத்திருக்கிறேன். கோடு இடப்பக்கம் 250, 500 ஹெர்ட்ஸில் ஒழுங்காக வருகிறது. 4,000-ஐ நெருங்கும்போது கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கிவிடுகிறது. பீரங்கிக்காரர்களின் காதில் முதலில் விழும் பள்ளம் அதுதான் என்றார் டாக்டர். ‘ச’வும் ‘த’வும் எனக்குச் சரியாக வந்து சேராது. பேரன் பேசினால் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறேன். ஆனால் தேனீயின் இரைச்சல் அந்தப் பள்ளத்துக்கு வெகு முன்னாலேயே இருக்கிறது. பறக்கும் தேனீயின் சிறகு ஒரு நொடியில் இருநூறு, முந்நூறு தடவை அடிக்கிறது. அந்த முழக்கம் எனக்கு முழுசாகக் கேட்கும். மனுஷக் குரலில் பாதி போனபிறகும் அது மிச்சம் இருப்பதை என் பாக்கியமாக நினைக்கிறேன்.

அப்பா தேனீக்காரர். தாத்தாவும்தான். 1920-களில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹேட்ச் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தபோது, பொந்துகளில் கைவிட்டுத் தேனெடுத்துப் பழகிய எங்கள் ஆட்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். எங்களுடையது நியூட்டன் பெட்டி. நியூட்டன் என்ற பாதிரியார் நம் நாட்டுத் தேனீயின் உடம்புக்கு ஏற்ற அளவில் செய்தது. கீழே புழு வளரும் அறை, அதன்மேல் தேன் அறை, ஒவ்வொன்றிலும் மரச் சட்டங்கள். நான்கு கால் வைத்த நிலையில் பெட்டியை வைத்து, எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் கிண்ணங்களை நிரப்புவது என் வேலை.

ரப்பர்த் தேன் ரப்பர்ப் பூவிலிருந்து வருகிறது என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது இலையிலிருந்து வருகிறது. டிசம்பர், ஜனவரியில் மரம் மொட்டையாகி, பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். அந்தத் தளிரில் மூன்று இலைகள் காம்போடு சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அதில் கசியும் இனிப்புக்குத்தான் தேனீ போகிறது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை குலசேகரம், திருவட்டாறு, அருமனைப் பக்கத்துத் தோட்டங்களில் விடிகாலையில் நின்றால் மரமே முழங்குவதுபோல் இருக்கும். அந்த மூன்று மாதத்தில்தான் வருஷத்துச் சோறு.

பெட்டி திறக்கும்போது அப்பா புகைப்பானில் காய்ந்த கதம்பையைப் போட்டு ஊதுவார். நான் அவசரப்பட்டால், “பைய திற மக்களே. அதுக்க வீடாக்கும் அது” என்பார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த உத்தரவுகளில் நான் முழு மனசோடு கேட்டு நடந்தது இதை மட்டும்தான்.

1991-லும் 92-லும் நோய் வந்தது. தாய்லாந்து பைப்புழு நோய் என்று பிறகு பெயர் தெரிந்தது. வைரஸ். முதலில் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புழு அறைச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால் மூடியிருக்க வேண்டிய அடைக் கண்கள் திறந்து கிடந்தன. உள்ளே புழு தலையைத் தூக்கிப் படகுபோல் வளைந்து செத்திருந்தது. சாமணத்தால் பிடித்து இழுத்தால் தண்ணீர் நிறைந்த பையாக வரும். அதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு மறக்காது. வளரும் தலைமுறை செத்தால் கிழட்டுத் தேனீக்கள் எத்தனை நாள் தாங்கும்? மிச்சமிருந்தவையும் பெட்டியை விட்டுப் பறந்து போய்விட்டன. எங்கள் வீட்டில் 110 பெட்டி இருந்தது. ஒரு வருஷத்தில் 7 ஆனது. தெரு முழுக்க இதே கதை. காலிப் பெட்டிகள் விறகாகப் போயின. அம்மை அதில் ஒன்றை எரித்துக் கஞ்சி வைத்த அன்று அப்பா சாப்பிடவில்லை.

எனக்கு வயசு 19. ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். ஓட்டத்தில் தேறினேன். தேசத்துக்கு உயிரைக் கொடுக்கும் எண்ணத்தோடு போனதாக இப்போது மேடைகளில் என்னைப் பற்றிச் சொல்கிறார்கள். நான் போனது தேனீ செத்ததால். நாலைந்து வருஷம் சம்பளம் அனுப்பினால் கூட்டங்கள் மறுபடி பெருகும், திரும்பி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நாசிக் ரோட்டில் இருக்கும் பீரங்கிப் படை மையத்தில் பயிற்சி. அங்கே போனபின் தெரிந்தது, நாலைந்து வருஷத்தில் விட்டுவிட்டு வரக்கூடிய வேலை இல்லை என்று. ஓய்வூதியத்துக்கே 15 வருஷம் வேண்டும்.

வேலை நன்றாகவே வந்தது, அதை மறைக்க மாட்டேன். சிறு வயசிலிருந்தே பதறாமல் கையை அசைக்கப் பழகியவன். பீரங்கிக்கும் அது வேண்டும். ஒரு பீரங்கிக்கு ஒரு குழு, குழுவுக்குத் தலைவர் நம்பர் ஒன். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வேலை. குண்டு எடுப்பவர், வெடிமருந்துப் பை எடுப்பவர், குறிக்கருவி பார்க்கும் லேயர். யார் கை எங்கே போக வேண்டும் என்பது இருட்டிலும் தெரியவேண்டும். நல்ல குழு வேலை செய்வதைப் பார்த்தால், பெட்டிக்குள் தேனீக்கள் ஒன்றின்மேல் ஒன்று இடறாமல் நடப்பது ஞாபகம் வரும். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

1999 மே மாசம் எங்கள் யூனிட் ஸ்ரீநகர் – லே சாலை வழியாகத் திராஸ் போய்ச் சேர்ந்தது. பத்தாயிரம் அடிக்கு மேலான உயரம். சாலைக்கு மேலேயே டோலோலிங் சிகரம். அங்கே உட்கார்ந்திருந்த எதிரிகள் சாலையில் போகும் வண்டிகளை எண்ணும் தூரத்தில் இருந்தார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அந்தப் பக்கத்துப் பீரங்கிகள் எங்கள்மேல் போட்டன. எங்களுடையது 155 மில்லிமீட்டர் போபர்ஸ். ஒரு குண்டு 43 கிலோ. ஒரு மூட்டை சிமெண்டைவிடச் சற்றுக் குறைவு. அந்த உயரத்தில் நாலு அடி நடந்தாலே நெஞ்சு அடைக்கும். காற்று மெலிந்திருப்பதால் குண்டு சமவெளிக் கணக்கைத் தாண்டிப் பறந்துவிடும். முதல் நாட்களில் சுட்டு, மலைமேல் இருக்கும் எங்கள் கண்காணிப்பு அதிகாரி எங்கே விழுந்தது என்று ரேடியோவில் சொல்ல, திருத்தி, மறுபடி சுட்டு, அப்படித்தான் கணக்கைப் பிடித்தோம். அந்தப் போர் முழுக்க நம் பீரங்கிகளும் மார்ட்டர்களும் ராக்கெட்டுகளும் போட்டது மொத்தம் இரண்டரை லட்சம் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஜூன் 13-ம் தேதி விடிவதற்குள் ராஜ்புதானா ரைபிள்ஸ்காரர்கள் டோலோலிங்கைப் பிடித்தார்கள். அவர்கள் ஏறுவதற்காக நாங்கள் சுட்ட அந்த ராத்திரிகளில் காதில் வைத்த பஞ்சு எப்போது விழுந்தது என்று தெரியாது. குழல் சூட்டில் பெயின்ட் உரிந்தது. காலையில் எல்லாரும் வாயசைப்பதுதான் தெரிந்தது, சத்தம் வரவில்லை.

அந்த இடத்தில் ஒரு காட்டு ரோஜாப் புதர் இருந்தது. லடாக்கில் அதைச் சியா என்பார்கள். ஜூனில் பூக்கும், வெளிறிய ரோஸ் நிறம். பீரங்கிக் குழியின் மண்மூட்டைகளுக்கு அந்தப் பக்கம், பாதி கருகி, பாதி பூத்து நின்றது. சுடுவதை நிறுத்திய ஒரு மத்தியானம் அதில் ஒரு பெரிய தேனீ வந்தது. மலைநாட்டு ஜாதி, உடம்பெல்லாம் கம்பளி போர்த்ததுபோல் மயிர். காது அடைத்திருந்ததால் இரைச்சல் கேட்கவில்லை. பூவில் இறங்கி, காம்பு வளைந்து, கால்களில் மகரந்தத்தை ஒதுக்கிக்கொண்டு மறுபூவுக்குப் போனது. பின்னங்காலில் மஞ்சள் உருண்டை. நான் அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். எங்கள் வீட்டு முற்றத்தில் எந்தப் பெட்டி எந்த மரத்தடியில் இருக்கும், இந்நேரம் ஆனிச் சாரலுக்கு அப்பா சீனிப்பாகு வைத்திருப்பாரா என்றெல்லாம் ஓடியது. லோடராக இருந்த என் சிநேகிதன் தோளைத் தட்டி என்ன என்று சைகையில் கேட்டான். பூவைக் காட்டினேன். சிரித்தான்.

56 ஏ.பி.ஓ. முகவரிக்கு அப்பாவின் கடிதம் அந்த வாரம் வந்தது. போரைப் பற்றி ஒரு வரிதான். மிச்சமெல்லாம் தேனீ. மிஞ்சிய 7 பெட்டியில் ஒன்று நோயே வராமல் நின்றது இல்லையா, அந்த ராணியின் வம்சத்தை மட்டும் பிரித்துப் பிரித்து இப்போது 31 பெட்டி ஆகியிருக்கிறது என்று எழுதியிருந்தார். அந்த நோய்க்கு மருந்து கிடையாது. தாங்கி நின்ற கூட்டத்திலிருந்து பெருக்குவது ஒன்றுதான் வழி. குமரி மாவட்டத்தில் இந்தத் தொழில் மறுபடி எழுந்தது இப்படி எத்தனையோ வீட்டு முற்றங்களில் பொறுமையாகச் செய்த வேலையால்தான். கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

எனக்குப் பதக்கம் வாங்கித்தந்த நாள் ஜூன் கடைசியில் வந்தது. பகல் நேரம். எதிரிக் குண்டு எங்களுக்குப் பின்னால் விழுந்தது. மறைப்பு வலையில் தீப் பிடித்தது. வலைக்குக் கீழே வெடிமருந்துப் பைகள். அது பற்றினால் பீரங்கியும் நாங்களும் பக்கத்துக் குழியும் சேர்ந்து போயிருப்போம். நான் ஓடிப்போய் வலையை இழுத்து அவிழ்த்து, மருந்துப் பைகளைத் தூரத் தூக்கி எறிந்து, மண்ணைப் போட்டு அணைத்தேன். கை வெந்தது. பீரங்கி அன்றைக்கே மறுபடி சுட்டது. பதக்கத்தோடு வாசித்த பாராட்டில் இவ்வளவும் இருக்கிறது. எல்லாம் உண்மை.

அதில் இல்லாதது ஒன்று. வலைக்கும் எனக்கும் நடுவில், மூன்று எட்டு தள்ளி, என் சிநேகிதன் விழுந்து கிடந்தான். கையைத் தூக்கினான். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அவனைத் தாண்டி வலைக்குப் போனேன். மருந்துதான் முதலில், அதுதான் பயிற்சி, அதுதான் சரி. திரும்பி வந்தபோது அவன் இல்லை. நீ முதலில் அவனிடம் வந்திருந்தாலும் பிழைத்திருக்கமாட்டான், காயம் அப்படி என்று மருத்துவ உதவியாளர் சொன்னார். அவரை நம்புகிறேன். ஆனாலும் என்னை வீரன் என்று யார் மாலை போட்டாலும் அந்தக் கை மேலே வருகிறது. அவன் ஊருக்கு இரண்டு தடவை போனேன். அவன் அம்மா என் வெந்த கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவையும் அந்த மூன்று எட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீரன் என்று சொல்ல வேண்டுமானால் எனக்குத் திருச்சிக்காரரான மேஜர் சரவணன் ஞாபகத்துக்கு வருகிறார். பீகார் ரெஜிமென்ட். மே 29 அன்று பட்டாலிக்கில் மேலே ஏறிப் போனவர். அவர் உடலை எடுத்துவரவே ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. 2022-ல் திராஸில் 5140 என்ற சிகரத்துக்குப் பீரங்கிப் படையின் நினைவாக ‘கன் ஹில்’ என்று பெயர் வைத்தார்கள். செய்தியில் பார்த்தபோது மனம் நிறைந்தது. மலை அந்தப் பெயரைத் தாங்கும்.

17 வருஷ சேவை முடிந்து 2009-ல் வந்தேன். அப்பா 2004-லேயே போய்விட்டார். பெட்டிகளை அம்மையும் என் மனைவியும் காப்பாற்றி வைத்திருந்தார்கள், 24 இருந்தன. வந்த வாரமே சந்திப்பில் எனக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். சீருடையில் நான், பின்னால் மலை, பீரங்கி. பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவனைக் கைலியை மாற்றச் சொல்லிக் கூட்டிப்போனார்கள். அன்பால் செய்தது, அதில் எனக்கு மனவருத்தம் கிடையாது. ஆனால் ஆகஸ்ட் 15-க்கு, ஜனவரி 26-க்கு, ஜூலை 26-க்கு, கொடிநாளுக்கு என்று வருஷம் முழுக்க ஒருவனைக் கூப்பிட்டுக் கொண்டுபோனார்கள். அவன் நான் விட்டுவிட்டு வந்தவன்.

ஒரு தேன் வியாபாரி வீட்டுக்கு வந்தார். பாட்டிலில் என் சீருடைப் படத்தைப் போட்டு, கார்கில் வீரரின் தேன் என்று விற்றால் கிலோவுக்கு அந்த நாளின் விலைக்கு மேல் பாதி கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டிய வருஷம் அது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. தேனைச் சோதித்து விலை சொல்லுங்கள் என்றேன். முக்கால்வாசிக் கண்கள் மெழுகால் மூடியபிறகுதான் நான் சட்டத்தை எடுப்பேன். ரப்பர்த் தேனில் ஈரம் அதிகம். மூடாததைப் பிழிந்தால் புளித்து நுரைக்கும். அவசரக்காரர்கள் அங்கேதான் கெடுக்கிறார்கள். என் தேன் கனமாக நூல் விழும். அதைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தார். வராத விலையைவிட, அவர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தும் பார்க்காமல் போனதுதான் எனக்கு வலித்தது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரில் விற்கிறேன். அந்தப் பெயரில் அப்பாவும் இருக்கிறார்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை ஆறாம் வகுப்புப் பையன் எழுந்து, “சார், நீங்க எத்தனை பேரைக் கொன்னீங்க?” என்று கேட்டான். வாத்தியார் அவனை அதட்டப் போனார். நான் வேண்டாம் என்றேன். நியாயமான கேள்வி. “தெரியாது மக்களே. பீரங்கிக்காரனுக்குத் தெரியாது. குண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய் விழும்” என்றேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஏதாவது தரவேண்டும்போல் இருந்தது. வண்டியில் சட்டம் ஒன்று கிடந்தது, புதுசாகக் கட்டிய அடை. எடுத்து வந்து கையில் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். ஒரு கண்ணின் அடியில் எதிர்ப்பக்கத்து மூன்று கண்கள் சந்திக்கும் கோடு தெரியும். அதை அவனாகவே கண்டுபிடித்தான். அடுத்த வருஷத்திலிருந்து அந்தப் பள்ளிக்கு மட்டும் ஒரு பெட்டியோடு போகிறேன்.

இப்போது 140 பெட்டி. எல்லாம் அந்த ஒரு ராணியின் வம்சம் என்று சொல்லமுடியாது. ராணி பறந்துபோய் எந்தெந்த ஆண் தேனீக்களோடோ சேருகிறது. ஆனால் வரிசையில் நோய் தெரிந்தால் அந்தக் கூட்டத்திலிருந்து பிரிக்கமாட்டேன், இன்றைக்கும். மழைமாசத்தில் ஒன்றுக்கு ஒன்று கணக்கில் சீனிப்பாகு. மெழுகுப் பூச்சி வராமல் அடித்தட்டைத் துடைப்பது. ஐப்பசியில் கூட்டம் பிரிப்பது. தீபாவளி வெடிச் சத்தத்துக்கு என் கை நடுங்கும், அந்த இரண்டு நாள் பெட்டி திறக்கமாட்டேன். வேலைக்கு நடுவில் யாராவது “தேனீக்காரரே” என்று கூப்பிட்டால் சட்டென்று திரும்புகிறேன். மனைவி கவனித்துச் சொன்னது அது. மற்றப் பெயர்களில் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறதாம்.

பிப்ரவரி தொடக்கத்தில் பெட்டிகளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவோம். பகலில் முடியாது. வெளியே போன தேனீயெல்லாம் வந்து சேர வேண்டும். இருட்டியபின் வாசலில் கம்பி வலை அடித்து, சட்டங்கள் ஆடாமல் ஆப்பு வைத்து, டெம்போவில் ஏற்றி, விடியுமுன் மரத்தடியில் இறக்கி வாசலைத் திறந்துவிட வேண்டும். கல்யாணமாகிப் பக்கத்து ஊரில் இருக்கும் மகள் இந்த ஒரு வாரத்துக்கு வந்துவிடுவாள். பெட்டியை நான் தூக்கிக் கொடுப்பேன், அவள் காதை வைத்துப் பார்த்து வாங்குவாள்.

போன வருஷம் பேச்சிப்பாறைப் பக்கம் ஏற்றிக்கொண்டிருந்தோம். டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் கட்டியிருந்தோம், சிவப்பு தேனீக்குத் தெரியாது. நாற்பதாவது பெட்டியோ என்னவோ, வண்டி விளிம்பில் இடித்துவிட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கையைத் தூக்கினாள்.

“அப்பா, சீறுது. அடங்கல்ல.”

பெட்டியைத் தரையில் வைத்தேன். உள்ளங்கையைப் பலகையில் வைத்தேன். ஒழுங்கில்லாத அதிர்வு, மேலும் கீழுமாக. அவள் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து காதை வைத்துக்கொண்டாள். டிரைவர் இஞ்சினை அணைத்தார். மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் என் கைக்கு அடியில் அது சீரானது. அவள் தலையாட்டினாள். பைய தூக்கினோம்.